சிப்பந்திகளுக்குக் கைப்பேசிப் பாடம்



2016-இல் வந்த யூபிஐ இன்று பெட்டிக்கடை வரை பரவிவிட்டது. வாடிக்கையாளர் காட்டிய போலித் திரையை நம்பிச் சரக்கைக் கொடுத்துவிட்ட பையனின் சம்பளத்தில் நஷ்டத்தைப் பிடித்துக் கொள்கிறோம். அவனுக்கு நாம் சொல்லிக் கொடுத்தோமா?

இணையவழிப் பயிற்சி பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் உரியதல்ல. நம் கடையிலும் நடத்தலாம்.

1. ஒரு பாடத்தில் ஒரே செய்தி. "நம் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே சரக்கு" என்பதை மூன்று நிமிடம் பேசிப் படம் பிடித்து, கடையின் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்.

2. வியாபாரம் மந்தமான பிற்பகலில், வேலை நேரத்திலேயே பார்க்கச் சொல்லுங்கள். இரவு களைத்து வீடு திரும்பியவர் பார்க்கமாட்டார்.

3. மறுநாள் நீங்களே வாடிக்கையாளராக நின்று, பழைய ரசீதுத் திரையைக் காட்டிச் சோதியுங்கள். தவறினால் திட்டாமல் மீண்டும் விளக்குங்கள்.

4. இது கைவந்தபின் அடுத்த பாடம்: பணம் பெறுவதற்குப் பின் நம்பர் போடத் தேவையே இல்லை. பிறகு காலாவதித் தேதி, எடை, 2025 செப்டம்பர் 22 முதல் மாறிய ஜிஎஸ்டி விகிதங்கள்.

5. புதிதாகச் சேருபவருக்கு முதல் நாளே முதல் பாடம்.

கற்றுக் கொடுத்த பிறகு கணக்குக் கேட்பதே முதலாளிக்கு அழகு.