கடலில் இறங்குமுன் காற்றைப் பார்!



நம்ம ஆவடியில் கடல் கிடையாது, பருத்திப்பட்டு ஏரிதான் உண்டு. ஆனாலும் கடற்காற்றைப் பற்றி எழுதுகிறேன். அது தெரியாமல்தான் போன ஜூன் மாதம் நான் மாட்டிக்கொள்ளப் பார்த்தேன்.

பள்ளி திறக்கும் முன் கோவளத்தில் மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். காலை எட்டு மணி. அலை ரொம்பக் குறைவு. தங்கையின் பந்து தண்ணீரில் விழுந்து மெல்ல நகர்ந்தது. எனக்குத்தான் நீச்சல் தெரியுமே என்று இடுப்பளவு ஆழத்துக்கு ஓடிவிட்டேன். மாமா பின்னாலேயே வந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். "பந்து போனா வேற வாங்கிக்கலாம்டா. இது மேல்காத்து, உள்ள தள்ளிடும்" என்றார். கொஞ்ச நேரத்தில் பந்து கண்ணுக்கே தெரியவில்லை!

மதியம் காற்று திரும்பியது. அப்போதுதான் ஒரு அண்ணன் பாய் கட்டிய பலகையோடு கடலில் இறங்கினார். அதுதான் விண்ட்சர்ஃபிங். அவர் ஏன் காலையில் இறங்கவில்லை?

காற்று ஏன் திரும்பியது?

வெயிலில் நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி எழும்ப, கடலிலிருந்து குளிர்ந்த காற்று கரைக்கு வரும். தென்மேற்குப் பருவ மாதங்களில் காலையில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றைப் பல நாட்களில் இந்தக் கடற்காற்று மதியத்தில் மாற்றிவிடும். கோவளத்துக்கு முதலில் வரும், நம்ம ஊருக்குத் தாமதமாகத்தான் வரும்.

பலகை எப்படி ஓடுகிறது?

ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரலால் அழுத்துங்கள். அது முன்னால் தெறிக்கும். அதுபோல, பாயில் படும் காற்று பலகையைப் பக்கவாட்டில் தள்ளும். அடியிலுள்ள துடுப்பு அதைத் தடுக்கும். மிச்சமுள்ள விசை முன்னால் செலுத்தும்.

விங் ஃபாய்லிங்கில் பாயைக் கையிலேயே பிடிப்பார்கள். பலகைக்கு அடியில் விமான இறக்கை போன்ற ஃபாய்ல் இருக்கும். வேகம் இரு மடங்கானால் தூக்கு விசை நான்கு மடங்காகும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி. அதனால் சின்ன இறக்கையே ஆளைத் தண்ணீருக்கு மேல் தூக்கிவிடும்.

விண்ட்சர்ஃபிங் 1984 முதல் ஒலிம்பிக்கில் உண்டு. 2023இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இதில் வெண்கலம் வென்ற இபாத் அலி, கடலே இல்லாத மத்தியப் பிரதேசத்துக்காரர். ஆகவே நாமும் கற்கலாம், ஆனால் முறையாக!

ஆபத்து எங்கே?

மேல்காற்றைக் கரையிலுள்ள மரமும் வீடும் மறைக்கும். அதனால் கரையோரக் கடல் சாதுவாகத் தெரியும். உள்ளே போகப் போகக் காற்று வலுக்கும். திரும்பி வர முடியாது. பக்கவாட்டில் வீசும் காற்றே நல்லது, போகவும் வரவும் அதுவே உதவும். நேரே கரைக்கு வீசும் காற்றில் அலையைத் தாண்டுவது கஷ்டம், அது தேர்ந்தவர்களுக்கே. யாராக இருந்தாலும் உயிர்காப்புச் சட்டை வேண்டும். நடுக்கடலில் மாட்டினால் பலகையை விட்டு நீந்தக் கூடாது, அது மிதக்கும்.

செய்து பாருங்கள்

மொட்டை மாடியில் ஒரு ரிப்பனைக் கட்டுங்கள். பத்து நாள் காலையும் மாலையும் அது பறக்கும் திசையைக் குறியுங்கள். மாலையில் அது மேற்கு நோக்கிப் பறந்தால், கோவளத்துக் கடற்காற்று உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அமைதியான கடலை நம்பாதீர்கள், முதலில் காற்றைக் கேளுங்கள்!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்