தன்னியக்கச் சேமிப்பும் வரைவும்

பாடசாலை இணையத்தளத்துக்காக இல்ல மெய்வல்லுநர் போட்டிச் செய்தியை வேட்பிரஸில் தட்டச்சுச் செய்கிறீர்கள். திடீரென மின்சாரம் தடைப்படுகிறது. (2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது.) எழுதியதில் எவ்வளவு மிஞ்சும்?

வேட்பிரஸ் ஓர் உள்ளடக்க முகாமைத்துவ முறைமையாகும். 2007 இல் வெளிவந்த 2.1 பதிப்பிலிருந்து அதில் தன்னியக்கச் சேமிப்பு உண்டு. வழமையாக 60 செக்கனுக்கு ஒரு தடவை மாற்றங்கள் சேவையகத்திலுள்ள தரவுத்தளத்துக்குச் செல்லும். எனவே மேசைக் கணினி அணைந்தாலும் பெரும்பாலும் கடைசி ஒரு நிமிட வேலையே இழக்கப்படும்.

மடிக்கணினி மின்கலத்தில் இயங்கும். ஆனால் றவுட்டர் நின்றுவிடும். இதற்கு உதவவே 2013 இல் 3.6 பதிப்பில், இணைய மேலோடியிலும் ஒரு பிரதியை வைக்கும் வசதி சேர்க்கப்பட்டது. இணைப்பு மீளும்வரை அந்தத் தாவலை மூடாதீர்கள்.

மாணவர் பலர் குழம்பும் இடம் ஒன்றுண்டு. சேமித்தல் வேறு, வெளியிடல் வேறு. உங்கள் கட்டுரை வரைவு நிலையில் இருந்தால் தன்னியக்கச் சேமிப்பு அந்த வரைவையே புதுப்பிக்கும். ஏற்கெனவே வெளியிட்டதைத் திருத்தும்போதோ மாற்றங்கள் தனிப் பிரதியாக வைக்கப்படும். நீங்களே பொத்தானை அழுத்தி இற்றைப்படுத்தும்வரை வாசகர் பழையதையே காண்பர். வெற்றி பெற்ற இல்லத்தின் பெயரைப் பிழையாக வெளியிட்டிருந்தால் அந்தப் பிழை அப்படியே நிற்கும்! அத்தனிப் பிரதியும் பயனர் ஒருவருக்கு ஒன்றுதான். புதியது வந்தால் பழையது அழியும்.

பயிற்சி: வெளியான செய்தியை மாணவி பி.ப. 2.00 மணிக்குத் திருத்தத் தொடங்குகிறாள். இற்றைப்படுத்தமுன் 2.05 இற்கு மின்சாரம் நிற்கிறது. 2.10 இற்குத் தளத்தைப் பார்க்கும் பெற்றோர் காண்பது எது?

விடை: திருத்தப்படாத பழைய செய்தி.