கையில் வரும் பணமும் கணக்கில் சேரும் பணமும்

எஸ்.பி.எம். தேர்வை முடித்துவிட்டு முதன்முதலாக வேலைக்குச் செல்லும் இளைஞரிடம் சில முதலாளிகள் இப்படிக் கேட்பதுண்டு: "தம்பி, சேமநிதி வெட்டணுமா? இல்ல, 1,700 ரிங்கிட்டையும் முழுசா கையில கொடுத்திடவா?" கம்போங் மேடானில் வீட்டு வாடகைக்கும் மோட்டார் சைக்கிள் தவணைக்கும் பணம் தேடும் இளைஞருக்கு இரண்டாவது வழிதான் இனிக்கும்.

கணக்கு வேறுவிதமாக இருக்கிறது. 1,700 ரிங்கிட் சம்பளத்தில் ஊழியரின் பங்கு 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட். முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, அதாவது 221 ரிங்கிட். இரண்டும் சேர்ந்து மாதம் 408 ரிங்கிட் ஊழியர் சேமநிதி வாரியத்தில் சேரும். சேமநிதி வேண்டாம் என்பவர் 187 ரிங்கிட்டைக் கையில் வாங்கிக்கொண்டு 408 ரிங்கிட்டை இழக்கிறார். இலாபம் முதலாளிக்குத்தான். மேலும், ஊழியரே சம்மதித்தாலும் சந்தா செலுத்தும் கடமை முதலாளியை விட்டு நீங்காது. 1951ஆம் ஆண்டு இந்நிதி தொடங்கப்பட்டதிலிருந்தே முதலாளியும் பங்கு செலுத்த வேண்டும் என்பது சட்டம்.

சேமநிதியின் நன்மை என்றதும் பலர் வரிச்சலுகையைத்தான் முதலில் குறிப்பிடுவர். இந்த இளைஞருக்கு அது பொருந்தாது. அவருடைய ஆண்டு வருமானம் 20,400 ரிங்கிட். தனிநபர் வரிக்கழிவு 9,000 ரிங்கிட். குறைந்த வருமானத்தினருக்கான தள்ளுபடி 400 ரிங்கிட். இவற்றுக்குப் பின் அவர் செலுத்த வேண்டிய வருமான வரி ஏதுமில்லை. இல்லாத வரிக்குச் சலுகை எதற்கு? சம்பளம் உயர்ந்த பிறகே சேமநிதிச் சந்தாவுக்கான 4,000 ரிங்கிட் கழிவும், தனியார் ஓய்வூதியத் திட்டத்திற்கான 3,000 ரிங்கிட் கழிவும் அவருக்குப் பயன்படும்.

அந்தப் பணத்தைப் பங்குச் சந்தையில் போட்டால் என்ன? அமெரிக்காவில் இத்தகைய முடிவில் வரிக்குப் பெரும் இடமுண்டு. மலேசியாவிலோ, புர்சா மலேசியாவில் பட்டியலிடப்பட்ட பங்குகளை விற்று ஒரு தனிநபர் பெறும் இலாபத்திற்குப் பொதுவாக வரி இல்லை. ஆகவே, இங்கு ஒப்பிட வேண்டியவை வேறு. பங்கின் விலை ஏறலாம், பாதியாகவும் சரியலாம். வாரியமோ வழக்கமான சேமிப்புக்கு ஆண்டுதோறும் குறைந்தது 2.5 விழுக்காடு இலாப ஈவை உறுதி செய்கிறது, 2024இல் 6.30 விழுக்காடு வழங்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் பங்கும் வாங்கிய அன்றே 187 ரிங்கிட்டை 408 ஆக்குவதில்லை.

இருபது வயதில் ஓராண்டு சேர்ந்த 4,896 ரிங்கிட்டுக்கு ஆண்டுதோறும் 5 விழுக்காடு ஈவு கிடைத்தால், 55 வயதில் அது சுமார் 27,000 ரிங்கிட் ஆகும்.

பணம் பூட்டப்பட்டிருப்பது உண்மையிலேயே ஒரு சிரமம்தான். கோவிட் காலத்தில் அரசு சிறப்பு மீட்பை அனுமதித்தபோது இலட்சக்கணக்கானோர் சேமிப்பை எடுத்துத்தான் குடும்பத்தைக் காப்பாற்றினர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 2024 மே 11 முதல் புதிய சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கும், 15 விழுக்காடு நல்வாழ்வுக் கணக்குக்கும், 10 விழுக்காடு நெகிழ்வுக் கணக்குக்கும் செல்கிறது. கடைசிக் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம். மேற்கண்ட இளைஞருக்கு அது மாதம் ஏறத்தாழ 41 ரிங்கிட்; மோட்டார் சைக்கிள் டயர் மாற்றக்கூடப் போதாது. எனவே, அவசரச் செலவுக்கு வங்கியில் தனியாகச் சிறிது பணம் வேண்டும். பங்கு வாங்கும் எண்ணம் அதற்குப் பின்னர் வரட்டும்.

உணவு விநியோகம் செய்யும் இளைஞர்களுக்குப் பங்கு செலுத்த முதலாளி இல்லை. அவர்கள் 'ஐ-சாராஆன்' திட்டத்தில் தாமாகவே சேமிக்கலாம். 2025ஆம் ஆண்டு நிலவரப்படி, சேமிப்பில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை, அரசு ஊக்கத்தொகையாகச் சேர்க்கிறது. ஆண்டில் 2,500 ரிங்கிட் சேமிப்பவருக்கு அத்தொகை முழுமையாகக் கிடைக்கும்.

சம்பளச் சீட்டில் சேமநிதி வெட்டப்பட்டிருந்தாலும் அது கணக்கில் சேர்ந்ததா என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு மாதச் சம்பளத்திற்கான சந்தாவை முதலாளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். வாரியத்தின் கைப்பேசிச் செயலியில் இதைச் சில நொடிகளில் பார்க்கலாம். பணம் வரவில்லையென்றால், சம்பளச் சீட்டுடன் வாரியத்தின் கிளை அலுவலகத்திற்குச் சென்று புகார் செய்யலாம்.