நம்ம ஊர் நெல்லை அரசாங்கம் எப்படி வாங்குது?



கும்மிடிப்பூண்டின்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு சிப்காட்டும் இரும்பு ஆலைகளும்தான் ஞாபகம் வரும். ஆனா பொன்னேரி, மீஞ்சூர், சோழவரம், ஊத்துக்கோட்டை பக்கம் போய்ப் பாருங்க, இன்னும் பச்சைப் பசேல்னு வயல் இருக்கு. ஆரணி ஆறு, கொசஸ்தலை ஆறு, ஏரி, போர் தண்ணி இதையெல்லாம் வெச்சு நம்ம மாவட்டத்துல சொர்ணவாரி, சம்பா, நவரைன்னு மூணு பட்டம் நெல் போடறாங்க. அந்த நெல்லு எங்கே போகுது? கொஞ்சம் வியாபாரிங்க கைக்கு. கொஞ்சம் அரசாங்கத்துக்கு.

ரேஷன் கடையில அரிசி போடறது எல்லாருக்கும் தெரியும். அந்த அரிசிக்கான நெல்லை அரசாங்கம் எங்கே, எப்படி வாங்குதுன்னு கேட்டா நம்ம வகுப்புல பாதிப் பேர் முழிச்சோம். அதனாலதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

எப்போ ஆரம்பிச்சது?

1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது. தொடங்கின இடம் எது தெரியுமா? டெல்லி இல்லை, நம்ம தஞ்சாவூர்! விளைபொருளுக்கு விலை பரிந்துரைக்கிற ஆணையமும் அதே ஆண்டுதான் வந்தது. அறுவடைக்கு முன்னாடியே, "இதுக்குக் கீழே விலை போனா நாங்க வாங்கிக்கறோம்" என்று அரசு சொல்கிற விலைக்குப் பெயர் குறைந்தபட்ச ஆதரவு விலை. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவானது. ஊர்ல "சிவில் சப்ளைஸ்"னு சொல்வாங்களே, அதுதான்.

2002 அக்டோபர் முதல் ஒரு மாற்றம். மத்திய அரசுக்காக மாநிலமே நெல்லை வாங்கி, அரைச்சு, நம்ம மாநில ரேஷனுக்கே பயன்படுத்திக்கலாம். மிச்சம் இருந்தா மத்தியத் தொகுப்புக்குப் போகும். பத்தலைன்னா அங்கேயிருந்து வரும். தஞ்சாவூர், திருவாரூர் பக்கம்தான் ரொம்ப அதிகமா வாங்கறாங்க. அவங்களோட பார்த்தா நம்ம மாவட்டம் சின்னது. ஆனா விற்கிறவருக்கு அவருடைய அறுபது மூட்டைதான் பெரிசு.

விலைக் கணக்கு

2025 செப்டம்பர் 1-இல் தொடங்கிய பருவத்துக்கு மத்திய அரசு வெச்ச விலை, குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,369 ரூபாய், சன்ன ரகம் 2,389 ரூபாய். இதோட மாநில அரசு ஊக்கத்தொகையா 131 ரூபாயும் 156 ரூபாயும் சேர்த்தது. கூட்டிப் பாருங்க: 2,500, 2,545.

சன்னமா குண்டான்னு கண்ணால பார்த்து முடிவு பண்றதில்லை. அரிசியின் நீளத்தை அகலத்தால் வகுக்கணும். 2.5 அல்லது அதுக்கு மேல வந்தா சன்னம், குறைஞ்சா பொது. இங்கே ஒரு பெருமையான விஷயம் சொல்லணும். திருவள்ளூர் பக்கத்துல திரூர்ல நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அங்கே வந்த ரகங்களுக்குத்தான் டி.கே.எம். என்று பெயர். டி.கே.எம். 9 குண்டு நெல், அரிசி சிவப்பு. 2015-இல் வந்த டி.கே.எம். 13 சன்னம். நம்ம தாத்தா பாட்டி காலத்துல நாடு முழுக்கப் போட்ட ஐ.ஆர். 20 நெல்லுக்கும் டி.கே.எம். 6-தான் ஒரு பக்கத்துப் பெற்றோர்.

இப்போ ஒரு கணக்கு. அரசு கொள்முதல் நிலையத்துல ஒரு மூட்டைன்னா 40 கிலோ. வியாபாரிங்ககிட்ட நம்ம பக்கம் 75 கிலோ மூட்டைப் பழக்கம் உண்டு. வியாபாரி ஒருத்தர் களத்துக்கே வந்து "மூட்டை 1,500 ரூபாய்"னு சொல்றார்னு வெச்சுக்குவோம். அந்தப் பருவ விலைப்படி நிலையத்துல பொது ரகம் மூட்டைக்கு 1,000 ரூபாய்தான். எது லாபம்? காதுக்கு 1,500 பெரிசா கேட்கும். வகுத்தா வியாபாரி விலை கிலோவுக்கு 20 ரூபாய், அரசு விலை 25 ரூபாய். ஒரு ஏக்கர்ல 24 குவிண்டால் விளைஞ்சா வித்தியாசம் 12,000 ரூபாய். அடுத்த பட்டத்துக்கு உழவுக்கும் உரத்துக்கும் ஆகிற பணம் அது.

இவ்வளவு வித்தியாசம் இருந்தும் ஏன் நிறையப் பேர் வியாபாரிக்கே போடறாங்க? இதைத்தான் நான் ரொம்ப நாளா பெரியவங்ககிட்ட கேட்டுக்கிட்டு இருந்தேன். விவரம் தெரியாமப் போடறாங்கன்னு நினைக்காதீங்க, காரணம் இருக்கு.

ஈரம்

அரசு வாங்கணும்னா நெல்லுல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாது. மண், கல் போன்ற கலப்பு 1 சதவீதம், வைக்கோல், பதர் மாதிரி கலப்பு 1 சதவீதம், முற்றாத, சுருங்கிய மணி 3 சதவீதம், இப்படி வேற அளவுகளும் உண்டு. ஆனா சண்டை வர்றதெல்லாம் ஈரத்துலதான்.

அரசு ஏன் இதுல பிடிவாதமா இருக்கு? ஈர நெல்லை மூட்டை கட்டி அடுக்கினா உள்ளே சூடேறும், பூஞ்சை பிடிக்கும், அரிசி பழுப்பா வரும், முளை கூட விடும். அந்த அரிசியைத்தான் பிறகு நம்ம வீட்டுக்குக் கொண்டு வந்து போடணும். இன்னொரு காரணம் எடை. 22 சதவீதம் ஈரமுள்ள நெல் 100 கிலோன்னா அதுல தண்ணி 22 கிலோ, உலர்ந்த பொருள் 78 கிலோ. அதை 17 சதவீதத்துக்குக் காய வெச்சா எடை எவ்வளவு? 95-ன்னு சட்டுனு சொல்லிடாதீங்க. 78-ஐ 0.83-ஆல் வகுக்கணும். ஏறக்குறைய 94 கிலோ. அரசு ஈர நெல்லை அப்படியே வாங்கினா 6 கிலோ தண்ணிக்கும் நெல் விலை கொடுத்த மாதிரி.

விவசாயி பக்க நியாயமும் இருக்கு. முன்னே ஆள் வெச்சு அறுத்து, அரி போட்டு வயல்லயே காய விட்டு, அப்புறம் கட்டு கட்டி களத்துல அடிப்பாங்க. நெல்லு வீடு வர்றதுக்குள்ள பாதி காய்ஞ்சிடும். இப்போ அறுக்கிற மிஷின் வந்தா கொஞ்ச நேரத்துல ஒரு ஏக்கர் முடிஞ்சிடுது. நெல்லு ஈரத்தோட நேரா டிராக்டர்ல கொட்டுது. ஒரு ஊருக்கு மிஷின் வந்தா எல்லார் வயலும் ஒரே வாரத்துல அறுபடும். எல்லார் நெல்லும் ஒரே வாரத்துல நிலையத்து வாசலுக்கு வந்து நிற்கும். காய வைக்க அவ்வளவு களம் ஊர்ல ஏது? அதனாலதான் தார் ரோட்டுல பாதியை அடைச்சு நெல்லு கொட்டியிருக்காங்க. கம்பெனி பஸ்காரங்க ஹாரன் அடிச்சுத் திட்டறாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது.

அப்புறம் மழை. சொர்ணவாரி அறுவடை ஆகஸ்ட், செப்டம்பர்ல வரும்போது சாயங்கால மழையும் வரும். எங்க மாமா ஒரு வருஷம் நிலையத்து வாசல்ல மூணு ராத்திரி நெல்லுக்குக் காவல் படுத்தார். (எந்த ஊருன்னு எழுதலை.) முதல் நாள் மீட்டர்ல 18-க்குக் கொஞ்சம் மேல காட்டுச்சு, காய வெச்சு எடுத்து வாங்கன்னுட்டாங்க. இரண்டாம் நாள் சாக்கு இல்லை. மூணாம் நாள் ராத்திரி மழை. தார்ப்பாய் போட்டும் அடியில தண்ணி போயிடுச்சு. நாலாம் நாள் காலையில வியாபாரிக்குப் போன் பண்ணி வந்த விலைக்குக் கொடுத்துட்டார். மேலே எழுதின 12,000 ரூபாய் கணக்கெல்லாம் அவருக்கும் தெரியும்.

மழை அதிகமான ஆண்டுகள்ல மாநில அரசு கேட்டு, மத்திய அரசு ஈரத்துல சலுகை கொடுத்திருக்கு. 2023 பிப்ரவரியில் டெல்டாவில் அறுவடை சமயத்துல மழை பெய்தப்போ 20 சதவீதம் வரை வாங்க அனுமதி வந்தது. ஆனா மழை பெய்து, கடிதம் எழுதி, குழு வந்து பார்த்து, உத்தரவு வர்றதுக்குள்ள நெல்லு காத்திருக்காதே!

தேதி விஷயத்துல ஒரு நல்லது நடந்திருக்கு. முன்னாடி கொள்முதல் பருவம் அக்டோபர் 1-இல்தான் தொடங்கும். புது விலையும் அன்னிக்குத்தான். செப்டம்பர்ல அறுத்தவங்களுக்குப் பழைய விலைதான். 2022 முதல் தமிழ்நாட்டுல செப்டம்பர் 1-இலேயே தொடங்கறாங்க. நம்ம சொர்ணவாரிக்கு இது ரொம்ப உதவி. இன்னும் எனக்கு ஒரு ஆசை. நிலையத்தை எந்தத் தேதியில திறக்கறதுன்னு காலண்டரைப் பார்க்காம, அந்தந்த ஊர்ல நெல்லு பூத்த நாளைப் பார்த்து முடிவு பண்ணணும். பூத்து ஏறக்குறைய முப்பது நாள்ல அறுவடைன்னு நம்ம பாட்டிக்கே தெரியும்.

யார் பேர்ல நெல்லு?

நிலையத்துல நெல் போட சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் வேணும். இப்போ கணினியில முன்பதிவும் உண்டு. பணம் கையில தர்றதில்லை, வங்கிக் கணக்குக்குப் போகும். வியாபாரி நெல்லை விவசாயி பேர்ல கொண்டு வந்து போடக் கூடாதுன்னுதான் இத்தனை தாள்.

சிட்டாவும் அடங்கலும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க. சிட்டா நிலம் யாருக்குச் சொந்தம்னு சொல்லும். அடங்கல் அந்த நிலத்துல இந்த வருஷம் என்ன பயிர் இருக்குன்னு சொல்லும். அதை எழுதறவர் கிராம நிர்வாக அலுவலர். அதுல வருஷம்னா பசலி. ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும்.

நம்ம பக்கத்துக்கு இது ஏன் முக்கியம்னா, இங்கே நிலம் ஒருத்தர் பேர்ல, பயிர் ஒருத்தர் கையில. தொழிற்சாலை வரும், மனை விலை ஏறும்னு வெளியூர்க்காரங்க வாங்கிப் போட்ட வயல் உண்டு. வித்துட்டு சென்னைக்குப் போனவங்களும் உண்டு. அதை வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறவர்கிட்ட எந்தத் தாளும் இருக்காது. குத்தகைதாரரைப் பதிவு பண்ண 1969-லேயே தமிழ்நாட்டுல சட்டம் வந்தாச்சு. ஆனா பதிவு பண்ணினா நிலம் கைவிட்டுப் போயிடுமோன்னு சொந்தக்காரருக்குப் பயம். பதிவு பண்ணச் சொன்னா அடுத்த வருஷம் நிலம் கிடைக்காதோன்னு குத்தகைக்காரருக்குப் பயம். இப்படி ரெண்டு பேரும் பேசாம இருந்தா, 25 ரூபாய் விலை வியர்வை சிந்தினவர் கைக்குப் போகாது. இந்த இடம்தான் எனக்கு எல்லாத்தையும் விட வருத்தமா இருந்தது.

வாங்கின பிறகு

நிலையத்துல பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர், சுமை தூக்கும் தொழிலாளிங்க வேலை செய்யறாங்க. நெல்லைத் தூற்றி, எடை போட்டு, சாக்குல தைச்சு, லாரியில ஏத்தி கிடங்குக்கோ ஆலைக்கோ அனுப்பறாங்க. 100 கிலோ நெல் கொடுத்தா ஆலைக்காரர் 68 கிலோ புழுங்கல் அரிசி திருப்பித் தரணும். பச்சரிசின்னா 67 கிலோ. அப்போ 40 கிலோ மூட்டைக்கு 27.2 கிலோ புழுங்கல் அரிசி. சத்துணவுல தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் அரிசி. ஒரு மூட்டை நெல்லுல 272 பிள்ளைங்க ஒரு வேளை சாப்பிடலாம்! நம்ம தட்டுல இருக்கிறது பொன்னேரி நெல்லா, மன்னார்குடி நெல்லான்னு மட்டும் சொல்ல முடியாது. கிடங்குல எல்லாம் கலந்துடும்.

பிரேசில் நாட்டுல 2009-இல் ஒரு சட்டம் போட்டாங்க. பள்ளி உணவுக்கு மத்திய அரசு தர்ற பணத்துல குறைஞ்சது 30 சதவீதத்துக்குச் சிறு விவசாயக் குடும்பங்ககிட்டயே வாங்கணும்னு அப்போ அந்தச் சட்டத்துல இருந்தது. நம்ம சத்துணவுல அரிசி வாணிபக் கழகத்துல இருந்து வருது. காய்கறியை மட்டும் அமைப்பாளரே பக்கத்துக் கடையில வாங்கறாங்க. அந்தக் காய் நம்ம ஊர்த் தோட்டத்துக் காயா இருந்தா நல்லாத்தான் இருக்கும்.

பால்ல இந்தப் பிரச்சினை இவ்வளவு இல்லை. கூட்டுறவு பால் சங்கத்துல காலையும் மாலையும் வாங்கறாங்க, கொழுப்பும் மற்ற சத்தும் பார்த்து விலை போடறாங்க. சத்து குறைஞ்ச பாலுக்கு விலை குறையும், அதுக்காக மூணு ராத்திரி வாசல்ல உட்கார வைக்கிறதில்லை. நெல்லுக்கும் 17-க்கு மேல ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் இவ்வளவு குறைச்சுக்கறோம்னு ஒரு கணக்கு வெச்சா என்ன? 94 கிலோ கணக்கு தெரிஞ்ச பத்தாம் வகுப்புப் பிள்ளையே போட்டுக் கொடுத்துடுவோம். கணக்கு சார் சரிபார்க்கணும்!

வீட்டுல நெல்லு இருக்கிறவங்க செய்து பாருங்க

புதுசா அறுத்த நெல் 100 கிராம் எடுங்க. ஆய்வக அறைத் தராசுல எடை போட ஆசிரியர்கிட்ட அனுமதி கேளுங்க. இரண்டு மணியைப் பல்லுல கடிச்சுப் பாருங்க. நசுங்கினா ஈரம், டக்குனு உடைஞ்சா காய்ச்சல். அப்புறம் ஒரு நாள் முழுக்க வெயில்ல மெலிசா பரப்பி, மணிக்கு ஒரு தடவை கிளறி விட்டு, சாயங்காலம் மறுபடி எடை போடுங்க. எத்தனை கிராம் குறைஞ்சது, என்ன ரகம், எந்த ஊர் நெல்லுன்னு இந்தத் தாளுக்குக் கீழே விட்டிருக்கிற கட்டத்துல பென்சிலால எழுதுங்க. குருவிக்குப் போனதையும் ஈரத்தோட சேர்த்துக் கழிச்சிடாதீங்க.

— 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு