டாக்டர் சீட்டுக்காக மாஸ்டர்ஸா? சேரும் முன் கவனிக்க...

அமெரிக்காவில் இளநிலை ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) குறைந்தவர்கள், மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு மாஸ்டர்ஸ் படிப்பதுண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது?

● மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பச் சேவையான ஆம்காஸ், இளநிலை, முதுநிலை ஜிபிஏக்களைத் தனித்தனியாகவே காட்டும். மாஸ்டர்ஸில் 4.0 வாங்கினாலும் பழைய 3.1 மாறாது. அதை உயர்த்த, பட்டம் பெற்றபின் படிக்கும் ‘போஸ்ட்பேக்’ இளநிலைப் பாடங்களே வழி.

● மருத்துவ மாணவர்களின் பாடங்களையே படிக்கவைக்கும் ‘ஸ்பெஷல் மாஸ்டர்ஸ்’ உங்கள் திறனை நேரடியாகக் காட்டும். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் படிப்பு இந்த வகைதான்.

● சேரப்போகும் படிப்பை முடித்தவர்களில் எத்தனை பேருக்கு மருத்துவ சீட் கிடைத்தது, அதே கல்லூரியில் நேர்காணல் உறுதியா என்று எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள்.

● ஆகஸ்டில் சேர்ந்தால் முதல் செமஸ்டர் மதிப்பெண் டிசம்பர் வாக்கில்தான் வரும். ஜூனிலேயே விண்ணப்பித்திருந்தால், பல நேர்காணல்கள் அதற்குள் முடிந்திருக்கும். ஓராண்டு பொறுத்து விண்ணப்பிப்பது நல்லது.

● மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட் மதிப்பெண் மட்டுமே குறை என்றால் மாஸ்டர்ஸ் தேவையில்லை. அந்தத் தேர்வை மீண்டும் எழுதுங்கள்.

● மாஸ்டர்ஸிலும் ‘சி’ கிரேடு வாங்கினால் இருக்கிற வாய்ப்பும் கெடும். முழுநேரம் படிக்க முடிந்தால் மட்டும் கடன் வாங்கிச் சேருங்கள்.