அயல்மொழியினருக்குத் தமிழ் வினைச்சொற்களைக் காணொளிவழிக் கற்பித்தல்: பனைத்தொழிற் சொற்களை முன்வைத்து

திறவுச்சொற்கள்: காணொளி, சொற்கற்பித்தல், வினைச்சொல், நன்னூல், பனைத்தொழில், நெல்லை வட்டார வழக்கு

முன்னுரை

தமிழை அயல்மொழியாகக் கற்போருக்கான பாடங்களில் காணொளி இன்று நிலையான இடம்பெற்றுள்ளது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்னும் பெயரில் தொடங்கப்பெற்ற இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், புலம்பெயர்ந்த தமிழர்தம் பிள்ளைகளுக்கும் பிறமொழியினருக்கும் ஒலி, ஒளி வடிவிலான பாடங்களை இணையவழி வழங்கி வருகிறது. ஆயினும் எவ்வகைச் சொல்லைக் கற்பிக்கக் காணொளி உண்மையில் தேவை என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. காணொளிக்கு உரிய இடம் வினைச்சொல்லே என்பதும், அவ்வினையும் தனிச்சொல்லாக அன்றித் தொடராகவே காட்டப்பெற வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும். சான்றுகள் இராதாபுரம் வட்டாரப் பனைத்தொழிலிலிருந்து எடுக்கப்பட்டுள்ளன.

பெயருக்குப் படம், வினைக்குக் காணொளி

கலயம், பாளை, நுங்கு ஆகியவற்றை விளக்க ஒரு நிழற்படம் போதும். இக்கட்டுரையாளர் கண்ட காணொளிப் பாடங்கள் பலவற்றிலோ ஒரு பொருள் திரையில் தோன்ற, அதன் பெயர் கீழே எழுதப்பட்டு, ஒரு குரல் அதனை இருமுறை ஒலிக்கிறது. அசையும் படத்தைக்கொண்டு அசையாப் படத்தின் வேலையைச் செய்விப்பதே இது. வினை வேற்றுமை கொள்ளாது, காலத்தொடு தோன்றும் என்பது தொல்காப்பியர் வகுத்த இலக்கணம். காலத்தில் நிகழ்வதைக் காட்டக் காலத்தில் ஓடும் படமே பொருந்தும்.

‘சீவு’ என்னும் வினையைக் கருதலாம். பனையேறுபவர் பாளை அரிவாளால் பாளையின் நுனியை நாள்தோறும் மெல்லிதாகச் சீவுகிறார். சீவிய வாயிலிருந்து சொட்டும் பதநீர், உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் சேர்கிறது. அகராதியை மட்டும் நம்பிய மாணவர் இதனை ‘வெட்டு’ என்பதன் மற்றொரு வடிவமாகவே கொள்வார். பாளையை வெட்டினால் அப்பாளையில் பதநீர் இல்லை, சீவினால்தான் உண்டு. வேறுபாடு கையின் அசைவிலும் எடுக்கும் அளவிலும் இருக்கிறது. நிழற்படத்தில் இரண்டும் அரிவாள் ஏந்திய ஒரு கையாகவே தோன்றும்.

காட்சி மட்டும் போதுமா?

போதாது. கில்லெட், கிளைட்மன் முதலியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், தாய்மார் குழந்தைகளுடன் பேசும் காணொளிகள் பேச்சொலி நீக்கப்பட்டு வளர்ந்தோருக்குக் காட்டப்பெற்றன. குறித்த சொல் வருமிடத்தில் ஒரு குறியொலி மட்டும் கேட்டது. பெயர்ச்சொற்களை ஏறத்தாழ 45 விழுக்காடு சரியாக ஊகித்தவர்கள், வினைச்சொற்களை ஏறத்தாழ 15 விழுக்காடே ஊகித்தனர். தொடரமைப்பும் தரப்பட்டபோது வினையை அறியும் அளவு பெரிதும் உயர்ந்தது. மரத்தின்மேல் ஒருவர் இருக்கும் காட்சி ஏறுதலையும் குறிக்கலாம், சீவுதலையும் குறிக்கலாம், கட்டுதலையும் குறிக்கலாம். எச்செயல் பேசப்படுகிறது என்பதைக் காட்சி தானாகச் சொல்வதில்லை.

இவ்விடத்தில் நன்னூல் துணைநிற்கிறது. யார் செய்கிறார், எதைக்கொண்டு, எங்கே, என்ன தொழிலை, எப்பொழுது, எதனைச் செய்கிறார் என்னும் ஆறும் வினையால் பெறப்படும் என்பது பவணந்தியார் கருத்து. காணொளித் துணுக்கு ஒன்றைப் படமாக்குமுன் ஆசிரியர் சரிபார்க்க வேண்டியவை இவ்வாறே. ‘சீவுதல்’ என்று மட்டும் ஒலிப்பதற்கு மாறாக, ‘அவர் காலையில் பனையில் அரிவாளால் பாளையைச் சீவுகிறார்’ என்று காட்சியோடு இயைந்து ஒலித்தால், வேற்றுமை உருபுகளே மாணவரின் கண்ணைக் கருவிக்கும் செயப்படுபொருளுக்கும் திருப்பும்.

அடுத்து, அதே வினையை வேறு செயப்படுபொருள்களோடு காட்ட வேண்டும். தலையைச் சீவுகிறோம், பென்சிலைச் சீவுகிறோம், இளநீரைச் சீவுகிறோம். ஆங்கிலத்தில் இவற்றுக்கு வெவ்வேறு வினைகள் வரும். நான்கு துணுக்குகளையும் அடுத்தடுத்துக் காணும் மாணவர், பரப்பை ஒட்டிச் செல்லும் அசைவே இவற்றின் பொதுமை என உணர வாய்ப்புண்டு. தலையில் மட்டும் எதுவும் நீக்கப்படுவதில்லை என்பதை அவரே கண்டு கேட்டால் வகுப்பு வெற்றிபெற்றது எனலாம்.

பதநீரைக் காய்ச்சுதலும் பனங்கிழங்கை அவித்தலும் இத்தகைய இணையே. இங்குப் படத்தொகுப்பாளர் கத்தரிக்கோலைச் சற்றே அடக்க வேண்டும். பதநீர் வற்றி, நிறம் மாறி, கருப்பட்டிப் பாகாக இறுகும் நெடும்பொழுதே ‘காய்ச்சு’ என்பதன் பொருளில் பாதி.

இடமும் வழக்கும்

1838இல் சென்னைக்கு வந்த கால்டுவெல், 1841இல் இடையன்குடியில் குடியேறித் தம் வாழ்வின் பெரும்பகுதியை அங்கே கழித்தார். பனையால் வாழ்ந்த அவ்வூரில் தொழிலும் சொல்லும் சேர்ந்தே அவர் செவிக்கு எட்டியிருக்கும். தொலைநாட்டு வகுப்பறைக்கு அவ்வாய்ப்பு இல்லை. காணொளி அக்குறையை ஓரளவு ஈடுசெய்யும். ஆயின் ஊரின் ஒலியை நீக்கிவிட்டுச் செய்தியறிக்கைத் தமிழைப் பின்னணியில் சேர்த்தால் அப்பயனும் கெடும். பனையேறுபவரின் வாயில் ‘சீவுதாரு’ என வருவது பாடநூலில் ‘சீவுகிறார்’ ஆகிறது. செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் வீரமாமுனிவர் இலத்தீனில் தனித்தனி இலக்கணம் எழுத நேர்ந்ததும் இவ்வேறுபாட்டால்தான். துணைத்தலைப்பில் எவ்வடிவத்தை எழுதுவது? முதற்காட்சியில் கேட்டதைக் கேட்டவாறும், மறுகாட்சியில் எழுத்து வழக்கிலும் தருவது தக்கது என இக்கட்டுரையாளர் கருதுகிறார். ஒரே காட்சியில் காது ஒன்றையும் கண் வேறொன்றையும் பெறுவது தொடக்கநிலை மாணவரைக் குழப்பும்.

படமாக்கத்தில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. தரையில் நின்று எடுத்தால் பனையேறுபவரின் முதுகும் ஓலையுமே தெரியும். சீவும் கை தெரியாது. அவரது தலைப்பாகையில் சிறு கேமராவைப் பொருத்தலாம். அன்றேல், இறக்கிய பாளை ஒன்றைத் தரையில் வைத்துச் சீவிக்காட்டச் செய்யலாம். அவ்வாறு செய்யும்போது தாம் செய்வதை அவரே தம் வழக்கில் சொல்லுமாறு கேட்பது நலம்.