மழை ஓய்ந்த பின்னும் ஓயாத அச்சம்

அண்ணாமலையை வலம் வரும் பாதையில் உள்ளது அடி அண்ணாமலை என்னும் ஊர். அவ்வூராரும், மலையைச் சுற்றி வாழும் பிறரும் அம்மலையை அரணாகவே கண்டு பழகியவர்கள். 2024ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் மாலை, ஃபெஞ்சல் புயல் கொணர்ந்த பெருமழையால் அம்மலையின் சரிவில் மண் சரிந்தது. திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மீது மண்ணும் பாறையும் வீழ்ந்தன. எழுவர் உயிர் நீத்தனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள்.

இடிபாடுகளை அகற்ற ஆட்கள் வருவர். இத்தகைய நிகழ்வுகளைக் கண்டவர் உள்ளத்தில் தங்கிவிடும் அச்சமோ வெளியே தெரிவதில்லை. அதுவும் ஒரு நோயாகக் கூடும். அதற்கு மருத்துவமும் உண்டு. இவ்விரண்டையும் இங்கு ஆராய்வோம்.

நோயின் இயல்பு

உயிருக்கு இறுதி நேருமோ என அஞ்சும் நிகழ்வுக்குப்பின் உறக்கமின்மையும் நடுக்கமும் தோன்றுதல் இயற்கையே. பெரும்பாலோர்க்கு அவை சில வாரங்களில் தாமே தணிந்துவிடும். ஒரு திங்களுக்கு மேலும் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைக்குமாயின், அதனைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்பர். 1980ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதனைத் தனி நோயாக ஏற்றுப் பெயரிட்டது. இதன் அறிகுறிகள் நால்வகைப்படும்.

1. நிகழ்வு கனவிலும் நனவிலும் மீண்டும் மீண்டும் தோன்றுதல்.
2. அதனை நினைவூட்டும் இடம், பேச்சு, மனிதர் ஆகியவற்றைத் தவிர்த்தல்.
3. தன்னையே பழித்தல், அன்பும் மகிழ்வும் மரத்துப்போதல்.
4. சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல், எரிச்சல், உறக்கமின்மை.

சிறுவர்கள் இவற்றைச் சொல்லால் உரைக்க அறியார். நிகழ்ந்ததையே விளையாட்டாக நடித்துக் காட்டுவர், படுக்கையை நனைப்பர், தாயை விட்டு அகலார்.

பிற நினைவுகள் கடந்த காலத்தவை என்று நாம் உணர்கிறோம். இந்நோயில் அவ்வுணர்வு பிழைபடுகிறது. கூரையில் மழைத்துளி விழுந்ததும், மூளையில் அபாயத்தை அறிவிக்கும் பகுதி அன்றைய நாளே திரும்பியதாக எண்ணி உடலை விழிப்பூட்டுகிறது. ஆதலால் இது கோழைத்தனம் அன்று.

அன்பினால் நேரும் பிழை

வீட்டார் என் செய்கின்றனர்? "அதை நினைக்காதே, மறந்துவிடு" என்கின்றனர். அப்பேச்சையே வீட்டில் எடுப்பதில்லை. அத்தெரு வழியே அழைத்துச் செல்வதும் இல்லை. அன்பினால் செய்யும் இச்செயல் அப்போதைக்கு ஆறுதல் தரும். ஆயினும் நோயை நீட்டிக்கும். தவிர்க்குந்தோறும், "அங்கு அபாயம் இன்னும் உண்டு" என்றே உள்ளம் கற்றுக்கொள்கிறது.

மருத்துவம் இதற்கு எதிர்த்திசையில் செல்வது. பயிற்சி பெற்ற மனநல வல்லுநர் முன்னிலையில், அஞ்சிய நினைவைப் பாதுகாப்பான சூழலில் சிறிது சிறிதாக எடுத்துரைக்கச் செய்வர். தவிர்த்த இடங்களுக்கும் படிப்படியாகச் செல்லப் பழக்குவர். "நான் காத்திருக்கலாமே" என்னும் தற்பழியை ஆராய்ந்து திருத்துவர். பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வுகளில் இது நடைபெறும். கண்ணசைவுப் பயிற்சியோடு நினைவை அணுகும் முறையும் உண்டு. தேவையெனில் செர்ட்ராலின் போன்ற மருந்துகளை மருத்துவர் அளிப்பர், அவை பயன்தரச் சில வாரங்கள் ஆகும், தாமாக நிறுத்தலாகாது. உறக்க மாத்திரை இந்நோயைத் தீர்ப்பதில்லை. பழக்கத்திற்கு அடிமையாக்கவும் கூடும்.

நிகழ்வு நடந்த மறுநாளே, "என்ன கண்டாய், சொல்" என வற்புறுத்திக் கேட்டலும் தவறு. முதலில் வேண்டுவன உணவு, உறைவிடம், உறவினர் துணை, கேட்கும் செவி ஆகியவையே. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் முதலிய கடலோர மாவட்டங்களைத் தாக்கியபின், பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் தமிழகத்தில் பணியாற்றினர். ஊர்ப் பணியாளர்களையே பயிற்றி, மக்களுக்கு மனநலத் துணை அளிக்கும் முறை அப்போது பரவியது.

நம் கடமை

"அவரவர் வினைப்பயன்" என்று கூறி அகலும் வழக்கம் நம்மிடையேயும் உண்டு. ஏற்கெனவே தன்னைப் பழித்துக்கொள்ளும் நோயாளிக்கு அச்சொல் மேலும் ஒரு சுமை. வினைக்கோட்பாடு நம்மைத் திருத்திக்கொள்ள அமைந்தது. பிறர் துயரை அளக்க அமைந்ததன்று. ஆகாரம், அபயம், ஔஷதம், சாத்திரம் என நால்வகைத் தானங்களை நாம் அறிவோம். அஞ்சியவர் அருகிருந்து கேட்பது அபயதானம். அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது ஔஷததானம்.

மழைக்கு நடுங்குவோர் நம் இல்லத்தில் எவரேனும் உளரா எனக் காண்க. ஒரு திங்கள் கடந்தும் நடுக்கம் தணியவில்லையெனில், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடுக. 2022ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். தன்னுயிரை மாய்க்கும் எண்ணம் எழுந்ததாக அவர் கூறினால், ஒரு நாளும் தாழ்த்தாது உதவி நாடுக. அதுவரை அவரைத் தனியே விடாதீர்.